அறுபது விநாடியும் ஒரு பொத்தான் டப்பாவும்

ஹார்லன் க்ரோவ், அயோவா
நவம்பர் 27

அன்புள்ள மார்னா,

நீ நான்கு முறை போன் செய்தாய். நான்கு முறையும் உன் குரல் என்று தெரிந்ததும் ரிசீவரை வைத்தது நான்தான். லைனில் கோளாறு ஒன்றும் இல்லை.

கோபத்தில் எழுதிய கடிதத்தை ஒரு ராத்திரி மேசையில் கிடக்க விடு, காலையில் படித்துப் பார், அப்போதும் அனுப்பத் தோன்றினால் அனுப்பு என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன். இது மூன்றாவது காலை. முதல் இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டேன். இதைத் தபாலில் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது.

திங்கட்கிழமை விவாதத்தை வழக்கம்போல நானும் உன் அப்பாவும் சேர்ந்து பார்த்தோம். ஜனாதிபதித் தேர்தலில் நம் கட்சிக்கு நிற்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்பது பேர், மேடையில் வரிசையாக. நான் மடியில் அட்டை வைத்து மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா அவர்களுடைய டைகளுக்கு மார்க் போட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் அறுபது விநாடி. நேரம் முடிந்தால் சிவப்பு விளக்கு. முப்பத்து நான்கு வருஷத்தில் ஓர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம்கூட, மழை ஏன் பெய்கிறது, அறுபது விநாடியில் சொல் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அது பாதியில் முழிக்கும், இல்லாவிட்டால் கதை சொல்லும்.

நீ பிரசார வேலை பார்க்கிற உன் செனட்டர் ஹோல்கம் கதை சொன்னார்.

அயோவாவில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். கணவருடைய நடுக்க மாத்திரையை முழுதாக வாங்க வேண்டுமே என்று, தன் ரத்த அழுத்த மாத்திரையைத் தினமும் பாதியாக வெட்டிச் சாப்பிடுகிறார். கணவருக்குத் தெரியாமல், வெட்டும் கருவியைப் பொத்தான் டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறார். கண்ணீரோடு வெட்டுகிறார்.

கைதட்டல் வெகு நேரம் நீடித்தது. என் கையில் இருந்த பென்சில் கீழே விழுந்ததையே நான் கவனிக்கவில்லை.

அப்பா எழுந்தார். நாற்காலியிலிருந்து தையல் அலமாரி எட்டடி. அதற்கு அவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத் தெரியும். இன்னும் இரண்டு வேட்பாளர்கள் பேசி முடித்தார்கள். டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மாத்திரை வெட்டும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் பெட்டியை என் மார்க் அட்டையின்மேல் வைத்தார்.

"எவ்ளோ நாளா, டீச்சர்?"

இரண்டு வருஷம் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

செப்டம்பரில் வந்தபோது உன் கோட்டுக்குப் பொத்தான் தேடி அந்த டப்பாவைத் திறந்தாய். இது நமக்குள் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். நீ தலையாட்டினாய். நமக்குள் என்றால் எத்தனை பேர், மார்னா? இரண்டு பேர் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்று. நான் அழுதுகொண்டு வெட்டியதில்லை. ரேடியோவில் சோள விலை கேட்டுக்கொண்டே வெட்டுவேன்.

அம்மா


மான்செஸ்டர், நியூ ஹாம்ப்ஷயர்
டிசம்பர் 3

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தை இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் மாடிப்படியில் நின்றபடி படித்தேன். பதில் எழுத இன்றுதான் கால் மணி நேரம் கிடைத்தது. இதை மேசையில் கிடக்க விட முடியாது. என் மேசையில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செனட்டருக்கு எண்கள்தான் தெரியும். மருந்து விலை பற்றிக் கேட்டால் சதவீதத்தில் பதில் சொல்வார், கேட்கிறவர்களுக்குத் தூக்கம் வரும். ஒத்திகையில் அவருக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. உதாரணம் இல்லாமல் சொன்னால் சுவருக்குச் சொன்ன மாதிரி என்பது யாருடைய வாக்கு? ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அவர் தனக்குள் வைத்துக்கொள்ளத்தான். மேடையில் சொல்வார் என்று நினைக்கவில்லை. அட்டையிலிருந்து டப்பா விவரத்தை நீக்கியிருக்க வேண்டும். அது என் தப்பு. கண்ணீர் அவராகச் சேர்த்தது.

பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. அயோவாவில் எத்தனை ஆசிரியைகள். மறுநாள் எங்கள் போன் ஓயவில்லை. நானும் அப்படித்தான் வெட்டுகிறேன், என் தங்கையும் அப்படித்தான் என்று எத்தனையோ பேர். அந்த அம்மாவை மேடைக்கு அழைத்து வர முடியுமா என்று இங்கே கேட்டார்கள். யாரென்று தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

நீ என்னைக் கேட்டாய், நானும் ஒன்று கேட்கிறேன். நான் அனுப்பிய செக்கைக் கிழித்துத் திருப்பி அனுப்பியது ஏன்? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கையைத் தூக்கு, வாயைத் திறந்து கேள் என்று சொல்லிக்கொடுத்தாய். நம் வீட்டில் மட்டும் யாரும் கை தூக்கியதில்லை.

அப்பா இன்னும் பேசவில்லையா?

மார்னா


ஹார்லன் க்ரோவ்
டிசம்பர் 12

மார்னா,

பேசுகிறார். பேசாமலே இருந்திருக்கலாம்.

நேற்றுக் காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்தேன். விரிப்பில் வெள்ளையாகப் பொடி. சர்க்கரை என்று நினைத்துத் தொட்டு நாக்கில் வைத்தேன். கசந்தது. அவருடைய மாத்திரை. அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய்த் தன் மாத்திரையை வெட்ட ஆரம்பித்திருக்கிறார், விவாதத்துக்கு மறுநாளிலிருந்தே. நடுங்குகிற கையால் வெட்டினால் எப்படி வரும்? ஒரு துண்டு பெரிது, ஒரு துண்டு சிறிது, மீதி மேசையில். சமமில்லாத துண்டை அரை என்று சொல்லக் கூடாது என்பதற்காகவே வருஷத்துக்கு நான்கு ஆப்பிள் பலகாரம் சுட்டு, வெட்டிக் காட்ட வகுப்புக்குக் கொண்டுபோனவள் நான்.

கேட்டேன். உன்னுது பாதின்னா என்னுதும் பாதி, அதுல என்ன கணக்கு தப்பு என்கிறார். நான் இனி முழுதாகப் போடுகிறேன் என்று சொன்னேன்.

"ரெண்டு வருஷமா முழுசாத்தானே போட்டுக்கிட்டிருந்த?"

அப்படித்தான் அவரை நம்ப வைத்திருந்தேன்.

கால் முன்னைவிட அதிகமாக ஒட்டிக்கொள்கிறது. வாசற்படி வந்தால் தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுகிறார். எதிரே ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டக் கால் தானாக எழும் என்று நர்ஸ் சொன்னாள். சமையலறையிலிருந்து குளியலறை வரை காகித டேப்பால் அடிக்கு ஒரு கோடு ஒட்டியிருக்கிறேன். ஏணியைத் தரையில் படுக்க வைத்த மாதிரி இருக்கிறது வீடு. கோடு இருக்கும் இடத்தில் நடக்கிறார். செவ்வாய்க்கிழமை தபால் பெட்டிக்குப் போனார், அங்கே கோடு இல்லை. பனியில் விழுந்து கிடந்ததைப் பக்கத்து வீட்டு டார்லிஸ் பார்த்துத் தூக்கினாள். முழங்கையில் மட்டும் அடி.

அயோவாவில் எத்தனை ஆசிரியைகள் என்றாயே. விவாதத்துக்கு மறுநாள் டார்லிஸ் அடுப்பில் பாத்திரத்தோடு சுட்ட உருளைக்கிழங்கு கேசரோலோடு வந்தாள். அதற்கடுத்த நாள் லூத்தரன் சர்ச்சிலிருந்து இரண்டு. இதுவரை பதினொன்று. சாவு வீட்டுக்குத்தான் இப்படி வரும். ஒருவரும் எதுவும் கேட்பதில்லை, "கொஞ்சம் அதிகமா செஞ்சுட்டேன்" என்கிறார்கள். பாத்திரங்களைக் கழுவி, அடியில் டேப்பில் எழுதிய பெயரைப் பார்த்து ஒவ்வொரு வீடாகத் திருப்பிக் கொடுக்கிறேன். கொடுக்கும்போது, டிவியில் சொன்னது நான் இல்லை என்கிறேன். ஆமா ஆமா, நீ இல்ல என்கிறார்கள். இந்த வயதில் வாசலுக்கு வாசல் நின்று பொய் சொல்கிறேன்.

செக் விஷயம். உனக்கு வாடகை இருக்கிறது. அவ்வளவுதான்.

அம்மா


மான்செஸ்டர்
டிசம்பர் 18

அன்புள்ள அம்மா,

போன கடிதத்தில் அது என் தப்பு என்று டப்பாவை மட்டும்தான் எழுதினேன். முழுதும் என் தப்பு. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. அவ்வளவுதான் உண்மை.

அப்பா விழுந்ததைப் படித்துவிட்டு செனட்டரிடம் சொன்னேன், அந்த ஆசிரியை என் அம்மா என்று. அப்பாவுக்குப் போன் போட்டுப் பேசட்டுமா என்று கேட்டார். இன்னொருவர் உடனே, பேசும்போது ஒரு போட்டோ எடுக்கலாம் என்றார். நான் அறையைவிட்டு வெளியே வந்துவிட்டேன். போன் வராது, பயப்படாதே.

வந்துவிடுகிறேன் என்று இரண்டு முறை டிக்கெட் பார்த்தேன். இரண்டு முறையும் இன்னொரு விவாதம் வந்தது. ஒவ்வொரு முறை அவர் வாய் திறக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன், அடுத்து யார் வீட்டு டப்பா திறக்கப்போகிறதோ என்று.

டாக்டர் வில்க்கிடம் சொன்னாயா, பாதி பாதியாகப் போடுகிறீர்கள் என்று? அப்பாவை மட்டுமல்ல, உன்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஜனவரி 19 அன்று கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஊர்க் கூட்டத்துக்குப் போவாயா? போனால் எந்த வேட்பாளரின் மூலையில் நிற்பாய்? இது செனட்டர் கேட்டது அல்ல.

மார்னா


ஹார்லன் க்ரோவ்
ஜனவரி 6

அன்புள்ள மார்னா,

டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லலாம் என்று இரண்டு முறை போனேன். ரத்த அழுத்தம் ஏன் ஏறியிருக்கிறது என்று கேட்டார். விவாதம் பார்க்கிறேன், அதனால்தான் என்றேன். சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விவாதத்தை நான் மட்டும் பார்த்தேன். அப்பா கதவை மூடிக்கொண்டு உள்ளே ரேடியோவில் கேட்டார். ஒரே வீட்டில் ஒரே விவாதத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டோம். ஒருவர் மேடையில் ஏதாவது அசட்டுத்தனமாகச் சொன்னால், முன்பெல்லாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். இப்போது நான் கதவைப் பார்க்கிறேன். உட்கார முடியவில்லை. இடைவேளை வரும்போதெல்லாம் எழுந்து துடைத்த பாத்திரத்தையே துடைக்கிறேன்.

எந்த மூலை என்று கேட்டாய். அந்த ஒன்பது பேரில் ஒருவரான கவர்னர் லாட்ஸின் மூலை. ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனால் எரிபொருள் பற்றி ஒரு கேள்வி. "அது எனக்கு இப்போது தெரியாது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். மீதி ஐம்பது விநாடி சும்மா நின்றார். அந்த மேடையில் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். நூற்றுக்கு நூறு போட்டேன். நீ கோபம் என்று நினைப்பாய். கோபமும் உண்டு.

அப்பா யாருக்கு என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னார். பள்ளி விளையாட்டு அரங்கின் தரை வழுக்கும் என்றேன். நான் வழுக்குறவன் இல்ல, ஒட்டிக்கிறவன் என்றார். ஆறு வாரத்தில் அவர் சொன்ன ஒரே நகைச்சுவை. சிரிப்பதற்குள் உள்ளே போய்விட்டார்.

மேசையில் இன்னமும் பொடி.

அம்மா


ஹார்லன் க்ரோவ்
ஜனவரி 20

அன்புள்ள மார்னா,

முடிவுகள் உனக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வட்டாரத்தில் நடந்தது டிவியில் வந்திருக்காது.

பள்ளி விளையாட்டு அரங்குக்கு ஐம்பத்தெட்டு பேர் வந்தோம். வெளியே அப்படி ஒரு குளிர், காரின் கதவுகள் உறைந்துவிட்டன. உள்ளே காபியும் சாக்லெட் பார்களும். தலைவர் நாற்காலியில் மெர்ல் ஹாகன். அவர் இந்தக் கட்டடத்துக்கு முப்பது வருஷம் துப்புரவுப் பணியாளராக இருந்தவர், என் கரும்பலகையைத் துடைத்தவர். விதியைப் படித்தார். அவரவர் வேட்பாளருக்கு அவரவர் மூலை, பதினைந்து சதவீதம் இல்லாத மூலை கலைய வேண்டும். அதாவது, ஐம்பத்தெட்டுக்கு ஒன்பது பேர். எட்டு பேர் இருந்தால் அந்த ஆள் எங்கள் ஊரில் பிறக்கவே இல்லை என்று அர்த்தம்.

நான் ஸ்கோர் பலகைக்குக் கீழே, கவர்னர் மூலையில் போய் நின்றேன். டார்லிஸும் அங்கேதான். எண்ணினோம். என்னோடு சரியாக ஒன்பது.

அப்பா கதவோரம் நாற்காலியில் இருந்தார். எல்லாரும் மூலைகளில் சேர்ந்த பிறகு, இன்னும் முடிவு செய்யாதவர் அவர் ஒருவர்தான். மெர்ல் மைக்கில், "வென்டல், உனக்காகத்தான் காத்திருக்கோம், அவசரமில்ல" என்றார்.

எழுந்தார். நான்கு கால் ஊன்றுகோலான வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. கூடைப்பந்து மைதானம் முழுக்கக் கோடு. ஓரக் கோட்டைத் தாண்டினார், அடுத்த கோட்டைத் தாண்டினார், நம் சமையலறையில் நடக்கிற மாதிரியே. ஆனால் நடு வட்டத்துக்குள் கோடு கிடையாது. வெறும் தரை, கண்ணாடி மாதிரி. அதன் நடுவில் நின்றுவிட்டார்.

ஐம்பத்தேழு பேர் நான்கு மூலைகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாக்கர் மட்டும் தரையில் டக் டக் என்று ஆடும் சத்தம். மெர்ல் எழுந்து வரப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

நான் என் மூலையிலிருந்து கிளம்பினேன். டார்லிஸ் என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள்.

"போகாத ஆர்டித். நீ போனா நாம எட்டு."

போனேன். அவர் முழங்கையைப் பிடித்தேன்.

"எங்க போகணும்?"

"ஹோல்கம் மூலைக்கு."

"அந்த ஆளுக்கா? நம்ம வீட்டுச் சேதிய ஊருக்கெல்லாம் சொன்ன ஆளுக்கா?"

"ஊருக்குச் சொன்னத விடு. எனக்குச் சொன்னான். வேற யாரும் எனக்குச் சொல்லல, டீச்சர்."

மார்னா, உன்மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் இரண்டு மாதமாக ஒரே கேள்வியில் நின்றிருந்தது: மார்னா ஏன் சொன்னாள்? நான் ஏன் சொல்லவில்லை என்பது கேள்வியாகவே எனக்குத் தோன்றியதில்லை. இரண்டு வருஷமாக அவர் முன்னால் காலைச் சாப்பாடு வைத்திருக்கிறேன். ஏதோ தியாகம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்கு, தன் பெண்டாட்டிக்கு என்ன ஆகிறது என்பதே தெரியாமல் போயிருக்கிறது. நான் விழுந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார்?

காலை எடு, வா என்றேன். அசையவில்லை. முடியாமல் நின்றாரா, வேண்டுமென்றே நின்றாரா, தெரியாது.

"முழுசா போடுவியா?" என்றார்.

"போடுறேன். நீயும் போடணும்."

"இங்க சொன்னா பத்தாது. வீட்டுக்குப் போனா நீ மறுபடி ஒளிச்சு வைப்ப. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

பதினொரு கேசரோல் வாங்கிக்கொண்டு, டிவியில் வந்தது நான் இல்லை என்று யாரிடமெல்லாம் சொன்னேனோ, அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். என்னிடம் பின்னம் படித்தவர்கள் மட்டும் பதினான்கு பேர். கடைசி பெஞ்சுக்குப் பேசுகிற குரல் ஒன்று என்னிடம் இருந்தது, ஓய்வுபெற்ற பிறகு எடுக்கவில்லை. எடுத்தேன்.

"டிவியில சொன்ன டீச்சர் நான்தான். ரெண்டு வருஷமா பாதி மாத்திரை போட்டேன். இவர்கிட்ட மறைச்சேன். நாளையிலேர்ந்து முழுசா போடுவேன்."

ஒருவரும் கைதட்டவில்லை. அது டிவி இல்லை. பின்னாலிருந்து யாரோ, "சரி டீச்சர்" என்றார்கள், வகுப்பில் சொல்வது போல.

நான் என் காலை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தேன், கோடு மாதிரி. தாண்டினார். மறுபடி வைத்தேன். அப்படியே வட்டத்தைக் கடந்து ஹோல்கம் மூலை வரை போய்ச் சேர்ந்தோம்.

மெர்ல் பேனாவை எடுத்தார். "ஆர்டித், எழுதணும். நீ எந்தக் கணக்குல?"

"கைய விட்டா இவர் விழுந்துடுவார், மெர்ல். நான் நிக்கிற இடம் இதுதான்."

இப்படியாக, நான் மார்க் போட்டுத் தேர்ந்தெடுத்த கவர்னரை நானே எட்டாக்கினேன். அந்த மூலை கலைந்தது. டார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது, "என் கேசரோல் பாத்திரம் இன்னும் உங்கிட்டதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். பிறகு அவளே காரைச் சூடாக்கி எங்கள் வாசல்வரை கொண்டுவந்தாள்.

இன்று காலை இரண்டு முழு மாத்திரைகளை ஒரே தட்டில் வைத்தேன். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். அவரையும் காட்டச் சொன்னேன்.

பத்து மணிக்கு டாக்டர் வில்க்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னுடைய மாத்திரைக்கு, அதே வேலை செய்கிற பழைய மாத்திரை ஒன்று இருக்கிறதாம். கால்வாசி விலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்றார். என்னிடமா சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுடையதற்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால், இன்னொரு செக் அனுப்பினால் கிழிக்க மாட்டேன்.

செனட்டரிடம் சொல், கண்ணீரை எடுத்துவிடச் சொல்லி. மீதி சரி.

அம்மா


மான்செஸ்டர்
ஜனவரி 29

அம்மா,

நேற்று முன்தினம் இங்கே வாக்கு எண்ணினார்கள். ஐந்தாவதாக வந்தோம். செனட்டர் விலகிவிட்டார். மேசைகளை மடித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். என் மேசை போய்விட்டது, இதை அட்டைப் பெட்டியின்மேல் வைத்து எழுதுகிறேன்.

கிளம்பும்முன் அவரிடம் நீ சொன்னதைச் சொன்னேன். கண்ணீரை எடுத்துவிட்டால் அறுபது விநாடி நிறையாதே என்றார், வருத்தமாக. உன் கவர்னரைப் போலச் சும்மா நிற்கலாம் என்றேன்.

செக் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். இந்த முறை அப்பாவிடம் நானே எல்லாம் சொல்ல வேண்டும், நீ எனக்காகச் சொல்லிவிடாதே.

குளிர்காலம் முழுக்கப் பொத்தான் இல்லாத கோட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே திரிந்தேன். அந்தப் பொத்தான் இன்னும் தைக்கவில்லை. டப்பாவை மேசைமேலேயே வை.

மார்னா